புகையை விடுவோம், மறைப்பதையும் விடுவோம்

(தில்லித் தமிழன்பர்கள் கூடிய சங்க ஆண்டு விழாவில், நலவாழ்வு அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையரங்கும் நாடகமும் காண வந்திருக்கும் உங்களிடம் மருந்தைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்துள்ளனர். விருந்துக்கு முன்னர்க் கஷாயம் கொடுப்பது போன்றது இப்பணி. யாம் மருத்துவர் அல்லோம். தில்லியிலும் வடபுலத்து வேறு சில ஊர்களிலும் மருந்தகங்களில் மருந்தெடுத்துக் கொடுக்கும் பணியில் 32 ஆண்டுகளைக் கழித்தோம். அவ்வளவே எம் தகுதி. ஆதலின் இங்குக் கூறப்படுவன எவையும் மருத்துவரின் சொல்லுக்கு மாற்றாகா. மருத்துவரிடம் செல்லும்பொழுது நாம் கேட்க வேண்டியவற்றையும், நாம் சொல்ல வேண்டியவற்றையும் நினைவூட்டுவனவே ஆகும்.

சிகரெட்டையும் பீடியையும் விடுவதற்கென வழங்கப்படும் மருந்துகள், இருமுனை மனநோய் உடையவர்களுக்கு எத்தகைய இடர்களை விளைக்கக்கூடும், அவ்விடர்களைத் தவிர்த்துப் புகையை விடுவது எங்ஙனம் என்பதே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

'அந்நோய் நம்மவருள் யாருக்கு இருக்கிறது? இதனை ஆண்டு விழாவில் பேசுவானேன்?' என்று சிலர் எண்ணக்கூடும். 2015-16-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோர் ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ மூவர் அக்காலத்தில் இந்நோய்க்கு ஆட்பட்டிருந்தனர் எனக் கண்டது. ஆயிரம் பேர் வாழும் குடியிருப்பில் மூவர்! ஆயினும் அம்மூவரை நாம் அறியோம். அறியாததற்குக் காரணம் அவர்கள் இல்லாமை அன்று. அவர்கள் மறைத்து வாழ்கின்றமையே. அம்மறைவினால் விளைந்த தீங்கு ஒன்றை யாம் கண்ணாரக் கண்டோம். அதனை முதலில் கூறுகின்றோம்.

எம் அண்டை வீட்டார்

2011-ஆம் ஆண்டில் யாம் வேறோர் ஊரில் பணிபுரிந்தோம். அடுத்த வீட்டில் ஒரு தமிழன்பர், மனைவியோடும் இரண்டு மக்களோடும் வாழ்ந்தார். அலுவலகத்தில் நற்பெயர் எடுத்தவர். பொங்கல் விழாவில் கோலப் போட்டிக்குக் கயிறு கட்டுவது முதல் பந்திக்கு இலை போடுவது வரை அவரே முன்னிற்பார். நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரெட்டு அவருக்கு வேண்டும். குளிர்காலம் வந்தால் இருமல் அவரை இரவெல்லாம் வாட்டும்.

ஒருநாள் யாமே வற்புறுத்தி, அவரை நெஞ்சுநோய் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். மருத்துவர் பொறுமையோடு ஆராய்ந்து, 'புகையை விட்டாலன்றி இவ்விருமல் போகாது. விடுவதற்கு ஒரு மாத்திரை தருகிறேன்' என்றார். 'வேறு ஏதேனும் நோய் உண்டா? வேறு மருந்து உண்கின்றீர்களா?' என்றும் கேட்டார். அன்பர் ஒருகணம் எம்மைத் திரும்பிப் பார்த்தார். பின்னர், 'ஒன்றுமில்லை' என்றார்.

உண்மையில் அவர் பத்து ஆண்டுகளாக இருமுனை நோய்க்கு லித்தியம் உட்கொண்டு வந்தார். அதனை அவர் மனைவியையும் தொலைவிலிருந்த ஒரு மனநல மருத்துவரையும் தவிர எவரும் அறியார். மருந்து நிறுத்தப்படவில்லை, நோய் அடங்கியிருந்தது. ஆனால் அருகில் காலனிக்காரர் ஒருவர் நிற்கும்பொழுது அதனை எப்படிச் சொல்வது? அவர் வாயை அடைத்தது எம்முடைய உடனிருப்பே என்பதை, காலங்கடந்தே யாம் உணர்ந்தோம்.

மூன்றாவது வாரம் அன்பர் சிகரெட்டைத் தொடவில்லை. முகம் மலர்ந்தது. விடியுமுன் எழுந்து பூங்காவைச் சுற்றினார். எல்லோரிடமும் உரத்துப் பேசினார். 'புகையை விட்டவுடன் மனிதர் புதுப்பிறவி எடுத்துவிட்டார்' எனக் காலனியே போற்றியது. யாமும் போற்றினோம். அவர் இரவில் இரண்டு மணி நேரமே உறங்கினார் என்பதை யாம் அறிந்திலோம். பின்னர் ஒருநாள், காலனித் தமிழர் அனைவரையும் இராமேசுவரத்துக்கு அழைத்துச் செல்லப் போவதாகக் கூறிப் பேருந்துகளுக்கு முன்பணம் கொடுத்து வந்தார். மகளின் திருமணத்துக்கென வைத்திருந்த வைப்புத் தொகையையும் உடைத்துவிட்டார். அன்றிரவு அவர் மனைவி எம் வாயிலில் வந்து நின்றார். 'அண்ணா, இவர் சந்தோஷமாக இல்லை. இவருக்கு உடம்பு சரியில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஆரம்பித்தது' என்று கூறிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஐந்து வாரங்கள் மருத்துவமனையில் இருந்து அன்பர் நலம் பெற்றார். போன பணத்தில் பாதியே திரும்பியது. மாத்திரைதான் முழுக் காரணமா, நிகோடின் நின்றமை எவ்வளவு, உறக்கம் குறைந்தமை எவ்வளவு எனப் பிரித்துக் கூற மனநல மருத்துவராலும் இயலவில்லை. ஆனால் அவர் ஒன்று சொன்னார்: 'என்னிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் இந்த மாத்திரையை இப்படித் தொடங்கியிருக்க மாட்டேன்.'

அம்மாத்திரையைப் பற்றியும் அதன் உறவுகளைப் பற்றியும் இனிக் காண்போம்.

நோயின் இயல்பு

இருமுனை நோய் என்பது மனநிலை இரு கோடிகளுக்கும் சென்று மீளும் நோய். ஒரு கோடியில் மனச்சோர்வு: எதிலும் விருப்பமின்மை, எழவே இயலாத களைப்பு, வாழ்வை வெறுக்கும் எண்ணம். மறு கோடியில் மிகை எழுச்சி: உறக்கம் வேண்டாத ஊக்கம், ஓயாத பேச்சு, அளவிறந்த செலவு, தன்னால் ஆகாதது ஒன்றுமில்லை என்னும் துணிவு. இரண்டுக்கும் இடையில் நீண்ட காலம் அவர் நம்மைப் போன்றே இருப்பார். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் என்பார் 1949-இல் லித்தியத்தின் பயனை வெளியிட்ட நாள் முதல், இந்நோயை அடக்கி வாழ்வது இயல்வதாயிற்று. இன்று லித்தியத்தோடு வால்ப்ரோயேட், ஒலன்சபின், குவெட்டியபின் எனப் பல மருந்துகள் உள்ளன.

இந்நோயுடையோர் ஏனையோரைவிட மிகுதியாகப் புகைக்கின்றனர் எனப் பல நாட்டு ஆய்வுகளும் கூறுகின்றன. அவர்தம் வாழ்நாள் குறைவதற்கு இதயநோயும் ஒரு பெருங்காரணம்; அதனை வளர்ப்பது புகை. ஆகவே, 'மனநோயாளிக்கு அந்த ஒரு சுகமாவது இருக்கட்டும். விட்டுவிடுங்கள்' என்று இரக்கத்தோடு சொல்பவர், தாம் அறியாமலே அவர் ஆயுளைக் குறைக்கின்றார். அவர்களும் புகையை விட வேண்டும், விடவும் இயலும். எவ்வழியில் விடுவது என்பதே கேள்வி.

முதலாவது மருந்து: புப்ரோபியான்

புப்ரோபியான் அடிப்படையில் மனச்சோர்வு நீக்கும் மருந்து. அமெரிக்காவில் 1985-இல் அப்பயனுக்கே ஒப்புதல் பெற்றது. அதனை உண்டவர்களுக்குச் சிகரெட்டின்மீது நாட்டம் குறைவது கண்டு, 1997-இல் புகை விடும் மருந்தாகவும் ஒப்புக்கொள்ளப்பட்டது. புகை விடும் நாளுக்கு ஓரிரு வாரம் முன்னதாகவே இதனைத் தொடங்குவர். முதலில் நாளுக்கு 150 மில்லிகிராம். பின்னர் 300 வரை.

இடர் யாது எனில், மனச்சோர்வு மருந்து எதுவாயினும் இருமுனை நோயாளியைச் சோர்விலிருந்து தூக்கும்பொழுது, நடுநிலையில் நிறுத்தாது, மறு கோடிக்கே எறிந்துவிடக்கூடும் என்பதே. கிணற்றில் விழுந்தவனைத் தூக்கிய கயிறு அவனைக் கூரைமேல் வீசுவது போன்றது அது. எல்லோர்க்கும் இவ்வாறு நேர்வதில்லை. மனநிலையை நிறுத்தும் மருந்தை ஒழுங்காக உண்டு வருவோர்க்கு, மனநல மருத்துவரே ஆராய்ந்து இதனைக் கொடுப்பதும் உண்டு. ஆயினும் பிரிட்டனில் இம்மருந்துக்கு எழுதப்பட்ட அதிகாரபூர்வக் குறிப்பு, இருமுனை நோய் வரலாறு உடையோர்க்குப் புகை விடுவதற்காக இதனைக் கொடுத்தலாகாது என விலக்கியே கூறியது. அமெரிக்கக் குறிப்போ, தொடங்குமுன் அந்நோய் வரலாறு உண்டா எனக் கேட்டறிய வேண்டும் என்கின்றது. கேட்டால் போதுமா? கேட்கப்பட்டவர் உண்மை சொல்ல வேண்டுமன்றோ!

மேலும், இம்மருந்து உறக்கத்தைக் கெடுக்க வல்லது. இருமுனை நோயில் உறக்கம் கெடுதல் எழுச்சியின் அறிகுறி மட்டுமன்று. எழுச்சியைத் தூண்டும் காரணமும் ஆகும். வலிப்பு நோய் உடையோர்க்கும், உணவை ஒறுத்தும் மிகையாக உண்டு கக்கியும் வாழும் உணவுக்கோளாறு உடையோர்க்கும், குடிப்பழக்கத்தைத் திடீரென நிறுத்துவோர்க்கும் இஃது ஆகாது, வலிப்பு வரக்கூடும். புகையையும் மதுவையும் ஒரே நாளில் விடுவதாகச் சூளுரைக்கும் அன்பர்கள் இதனைக் கருத்திற் கொள்க.

இரண்டாவது மருந்து: வரெனிக்கிளின்

நிகோடின் மூளையில் சென்று பற்றும் இடத்தைத் தான் பற்றிக்கொண்டு, ஏக்கத்தைச் சற்றே தணித்து, புகைத்தாலும் முன்போல் இன்பம் எழாதவாறு தடுப்பது வரெனிக்கிளின். 2006-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஒருசிலர்க்கு மனக்கலக்கமும் தற்கொலை எண்ணமும் தோன்றியதாகச் செய்திகள் வரவே, 2009-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இம்மருந்துக்கும் புப்ரோபியானுக்கும் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் பெட்டிக்குள் கட்டமிட்டு அச்சிட ஆணையிட்டது. உலகெங்கும் மருத்துவர்கள் தயங்கினர்.

அத்தயக்கத்தைத் தீர்ப்பதற்கு 16 நாடுகளில் 8,144 பேரைக் கொண்டு ஒரு பேராய்வு நடத்தப்பெற்று, 2016-இல் வெளியாயிற்று. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் மனநோய் உடையவர்கள். ஆயின் நோய் அடங்கிய நிலையில் இருந்தவர்கள். மனநோய் உடையோருள் நடுத்தரமான அல்லது கடுமையான மனத்தொல்லை அடைந்தவர் வரெனிக்கிளின் உண்டோரில் நூற்றுக்கு 6.5, புப்ரோபியானில் 6.7, நிகோடின் பட்டையில் 5.2, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையில் 4.9. இவ்வேறுபாடு மருந்தினால் நேர்ந்தது எனக் கொள்ளும் அளவுக்குப் பெரிதன்று என அறிஞர் முடிவு செய்தனர். புகை விடுவதில் வெற்றி பெற்றோரோ, சிகிச்சையின் இறுதி நான்கு வாரங்களைக் கணக்கிட்டால், இதே மனநோயாளருள் வரெனிக்கிளினில் நூற்றுக்கு 29 பேர். வெற்று மாத்திரையில் 11 பேர். இதன் பயனாக 2016 டிசம்பரில் அக்கட்டமிட்ட எச்சரிக்கை நீக்கப்பட்டது.

இவ்வெண்கள் நமக்கு இரண்டு பாடங்களைப் புகட்டுகின்றன. ஒன்று: மருந்தைக் கண்டு அஞ்சி ஓட வேண்டியதில்லை. மற்றொன்று: வெற்று மாத்திரை உண்ட மனநோயாளருள்ளும் நூற்றுக்கு ஐவர் தொல்லையுற்றனர், மனநோய் இல்லாதாரிடையே அஃது ஏறத்தாழ இதில் பாதியே. ஆதலின் எம்மருந்தாயினும், மருந்தே இல்லையாயினும், மனநோய் உடையவர் புகையை விடும் காலத்தில் அருகிருந்து காப்பவர் ஒருவர் வேண்டும். நோய் அடங்கியிருந்தோரிடம் கண்ட முடிவை, நோய் பொங்கி நிற்கும் ஒருவர்க்கு ஏற்றிக் கூறுதலும் ஆகாது.

பட்டையும் சவைப்பதும்

தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும், வாயிலிட்டு மெல்லும் நிகோடின் பசையும் நிகோடினைச் சிறுகச் சிறுகக் கொடுத்து ஏக்கத்தைத் தணிப்பன. இவை மனச்சோர்வு மருந்துகள் அல்ல. ஆதலின் எழுச்சியைத் தூண்டும் அச்சம் இவற்றில் குறைவு. பட்டையை இரவிலும் ஒட்டியிருந்தால் சிலர்க்குக் கனவுகள் மிகுந்து உறக்கம் கலையும். அத்தகையோர் படுக்குமுன் எடுத்துவிடலாம். இருமுனை நோயாளியின் உறக்கம் பொன்னினும் அரிது என்பதை மறவற்க.

புகையின் மறைந்த ஒரு வேலை

இனிக் கூறுவது பலரும் அறியாதது, படித்தவர்களும் தவறுவது.

சிகரெட்டின் புகையில் நிகோடின் மட்டும் இல்லை. எரிவதால் உண்டாகும் தார்ப்பொருள்கள் பலவும் உள்ளன. அவை கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. அந்நொதி சில மருந்துகளை விரைந்து கரைத்துவிடும். குளோசபின், ஒலன்சபின் ஆகிய இரண்டும் அவ்வகையின. புகைப்பவருக்கு இம்மருந்து மிகுதியாகத் தேவைப்படுவதால் மருத்துவரும் அளவை உயர்த்தியிருப்பார். அவர் திடீரெனப் புகையை விட்டால் என்ன ஆகும்? சில நாட்களிலேயே நொதி தளர்ந்துவிடும், கரைப்பது குறையும். அதே மாத்திரை, அதே அளவு. ஆனால் இரத்தத்தில் மருந்து ஏறிக்கொண்டே போகும். குளோசபின் பாதியளவோ அதற்கு மேலோ உயர்வதுண்டு. தீராத மயக்கம், வாயில் எச்சில் வடிதல், தள்ளாட்டம், கடுமையானால் வலிப்பும் வரும். 'சிகரெட்டை விட்டதால் சோம்பிக் கிடக்கிறார்' என வீட்டார் எண்ணியிருப்பர். ஆகையால் இம்மருந்து உண்போர் புகை விடும் நாளை முன்னரே மருத்துவரிடம் கூறின், அவர் இரத்தச் சோதனை செய்து அளவைப் படிப்படியாகக் குறைப்பார். மீண்டும் புகைக்கத் தொடங்கினாலும் அதனை மறையாது சொல்ல வேண்டும். அப்பொழுது மருந்து குறைந்து நோய் தலைதூக்கும்.

இவ்வேலையைச் செய்வது நிகோடின் அன்று, புகையே. ஆதலின் பட்டை ஒட்டினாலும் மெல்லும் பசையைப் பயன்படுத்தினாலும் இம்மாற்றம் நிகழ்ந்தே தீரும். பீடியை விட்டுவிட்டு, இவ்வூர் வழக்கப்படி உள்ளங்கையில் கைனி கசக்கி உதட்டில் வைத்துக்கொள்பவர்க்கும் இதே கதிதான். வாய்ப்புற்றுநோயும் அதனோடு காத்திருக்கும்.

அடுத்தது, நம்மவர் காப்பி. காப்பியிலுள்ள கஃபீனைக் கரைப்பதும் அதே நொதிதான். புகையை விட்டவர் முன்போலவே நான்கு தம்ளர் காப்பி அருந்தினால், எட்டுத் தம்ளர் அருந்தியதற்கு ஒப்பக் கஃபீன் உடம்பில் தங்கக்கூடும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உறக்கம் ஓடிவிடும். நம் அன்பர் சிகரெட்டை மறப்பதற்கு அன்று நாடியதும் காப்பியையே! எனவே புகையை விடுங்கால் காப்பியையும் பாதியாக்குவது நலம். ஆனால் லித்தியம் உண்போர் ஒன்றை அறிக: காப்பி லித்தியத்தைச் சிறுநீரில் மிகுதியாக வெளியேற்றுவது, காப்பியைத் திடீரென அடியோடு நிறுத்தினால் இரத்தத்தில் லித்தியம் உயரும். ஆகவே சிறுகச் சிறுகக் குறைத்து, மருத்துவரிடமும் அறிவித்து, வேண்டின் இரத்தச் சோதனை செய்துகொள்க.

நான்காவது கூறு

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்கும்பொழுது, மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவார் என நான்கு கூறுடையது என்கின்றார். முதல் மூன்றையும் இதுவரை பேசினோம். நான்காவது கூறு யார்? குடும்பத்தார். குடும்பம் ஊரில் இருக்க, இங்குத் தனியே வாழ்வோர்க்கு அண்டை வீட்டாராகிய நாமே. பிழைப்புத் தேடி வடக்கே வந்த நமக்கு அத்தையும் மாமனும் சித்தப்பாவும் ஆயிரம் கல் தொலைவில் உள்ளனர். இங்கே உறவும் ஊரும் இக்காலனிதான். அவ்வுறவு ஒருவர் வாயை அடைப்பதாக இருத்தல் தகுமா?

ஆகவே சில நெறிகளைச் சொல்லி முடிக்கின்றோம்.

முதலாவதாக, மனநோய்க்கு மருந்து உண்பவர் புகையை விட விரும்பினால், முதலில் அந்நோயைப் பார்க்கும் மருத்துவரிடமே செல்க. வேறு மருத்துவர் மாத்திரை எழுதினால், உண்டுவரும் மருந்துகள் அனைத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் நீட்டுக. வாயால் சொல்லக் கூசுவோர்க்குத் தாள் துணை செய்யும். மருத்துவரிடம் சொல்வது காலனியில் சொல்வதாகாது; நோயாளியின் செய்தி மறைத்துக் காக்கப்பட வேண்டும் என்பதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமே உரிமையாக்கியுள்ளது.

இரண்டாவதாக, நண்பரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோர், அறை வாயில் வரை சென்று, உள்ளே அவரைத் தனியே விடுக. யாம் கற்ற பாடம் இது. விலை கொடுத்துக் கற்றது யாம் அல்லோம், எம் அண்டை வீட்டார்.

மூன்றாவதாக, விடும் நாளை அமைதியான காலத்தில் அமைத்துக்கொள்க. திருமணம், இடமாற்றம், இரவுப்பணி, ஊருக்கு நெடும்பயணம் ஆகியவை நெருங்கும்பொழுது வேண்டா. நோய் பொங்கி நிற்கும்பொழுதும் வேண்டா. அங்ஙனம் ஒத்திவைத்ததை அப்படியே மறந்துவிடுதலும் வேண்டா.

நான்காவதாக, முதல் மூன்று மாதங்கள் வீட்டில் ஒருவர் உறங்கிய மணி நேரத்தை நாள்தோறும் குறித்து வருக. புகை விட்ட முதல் சில வாரங்களில் எரிச்சலும் சோர்வும் உறக்கக் குறைவும் எவர்க்கும் வரும். பின்னர் அவை தணியும். ஆனால் குறைந்த உறக்கத்திலும் களைப்பின்றி ஒருவர் களித்துத் திரிந்தால், அன்றே மருத்துவரைக் காண்க. வாழ்வை வெறுக்கும் பேச்சு எழுந்தால் ஒரு மணி நேரமும் தாழ்த்தற்க. எந்நிலையிலும் லித்தியம் முதலிய மருந்துகளைத் தாமாக நிறுத்துதல் ஆகாது.

ஐந்தாவதாக, மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கி உண்பது, நண்பருக்கு எழுதிய மாத்திரையைப் பங்கிட்டு உண்பது ஆகிய இரண்டையும் விடுக.

உதவி வேண்டுவோர்க்கு இரண்டு தொலைபேசி எண்கள் உள்ளன. புகையிலையை விடுவதற்கு நடுவண் அரசின் கட்டணமில்லா எண் 1800-11-2356. 2016-இல் நம் தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வல்லபாய் பட்டேல் நெஞ்சுநோய் நிலையத்தில் தொடங்கப்பெற்றது. மனத்துயர்க்கு 14416, 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற இப்பணியில் தமிழிலும் பேசலாம். இவ்வெண்களைப் பால் கணக்கு எழுதும் நாட்காட்டியிலேயே குறித்து வையுங்கள்.

எம் அன்பரின் கதை முடிவை நீங்கள் கேட்க விரும்புவீர்கள். மருத்துவமனையிலிருந்து மீண்டு ஓராண்டு கழிந்தபின் அவர் மறுபடியும் புகையை விட முயன்றார். இம்முறை மனநல மருத்துவரே வழிநடத்தினார். பட்டை ஒட்டினார், காப்பியை மெல்லக் குறைத்தார். உறங்கிய நேரத்தை அவர் துணைவியார் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வந்தார். இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை வென்றார். மகளின் திருமணம் இரண்டு ஆண்டு தாழ்ந்து நடந்தது. அத்திருமணத்தில் பந்திக்கு இலை போட்டவர் யாம். அவர் எம் கையைப் பற்றி, 'அன்று நீங்கள் அறைக்கு வெளியே நின்றிருந்தால் சொல்லியிருப்பேன்' என்றார். குற்றஞ்சாட்டிச் சொன்னது அன்று, சிரித்துக்கொண்டே சொன்னார். ஆயினும் அச்சொல் இன்றும் எம் நெஞ்சில் நிற்கின்றது.

அன்பர்களே! நீரிழிவு உண்டு என்பதை நாம் பந்தியில் உரக்கச் சொல்லிப் பாயசத்தை மறுக்கின்றோம். எவரும் நம்மை இழிவாக நோக்குவதில்லை. மனத்தின் நோயையும் அவ்வளவு எளிதாகச் சொல்லக்கூடிய இடமாக நம் காலனி ஆகும் நாளே, நம் சங்கம் தமிழுக்கும் தமிழர்க்கும் உண்மைத் தொண்டு செய்த நாளாகும். அந்நாள் விரைவில் வருக!